ஆள்காட்டி விரல்: 14 சதவிகிதம்!

காங்கேயம் என்றதும் உங்களுக்குக் காளைதான் ஞாபகம் வரும். ஆனால் ஊரை ஓட்டுவது மெஷின்கள். அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் ஆலை, பக்கத்தில் வெள்ளகோவில் விசைத்தறி, கொஞ்சம் தள்ளி திருப்பூர் பனியன்... பெல்ட் ஓடுகிற இடத்தில் விரல் போவதும் நடக்கும். போன விரலுக்கு என்ன விலை? சட்டத்தில் நிஜமாகவே பட்டியல் இருந்தது!

1923-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். பிற்காலத்தில் திருத்தப்பட்ட அதன் அட்டவணைப்படி, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவிகிதம் இழப்பு. நடுவிரலுக்கு 12. சுண்டுவிரலுக்கு வெறும் 7. கட்டைவிரல் 30. (ஏகலைவன் கேஸ் போட்டிருந்தால் துரோணர் பாடு திண்டாட்டம்தான்!)

சுதந்திரத்துக்குப் பிறகு, நஷ்டஈட்டை முதலாளியிடம் கேட்டு நிற்க வேண்டாம், அரசு இன்ஷூரன்ஸே தரட்டும் என்று 1948-ல் வந்தது இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் முதலில் வந்தது மில்கள் நிறைந்த கோவைக்கு, 1955-ல். நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்கப் பணம். எத்தனை சதவிகிதம் என்று சொல்வது மெடிக்கல் போர்டு. சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

"ஏனுங்க, வெரலு மடங்கவே மாட்டேங்குது, ஒண்ணுமில்லைனு எழுதிட்டாங்களே!" என்று வீடு திரும்புகிறவர்கள் உண்டு. பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் போர்டு சொன்னது முடிந்த முடிவல்ல. அந்தச் சட்டத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கு நேராகவும் போகலாம். சட்டக் கேள்வி இருந்தால் அதற்கும் மேலே ஹைகோர்ட்!

சரி, மேலே போய் என்ன சொல்வது? அதற்குப் பதில் காங்கேயத்தில் இல்லை, ஒரிஸ்ஸாவில் கிடைத்தது. 1968-ல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. இது முழு ஊனம் என்றார் நஷ்டஈட்டு கமிஷனர். முதலாளி விடவில்லை. 'பாதி ஊனம்தான், அட்டவணையைப் பாருங்கள்' என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1975 டிசம்பர் 4-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் தச்சரின் வேலையைப் பார்த்தார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அவருக்கு இழப்பு நூறு சதவிகிதம்! நஷ்டஈடு சேர வேண்டியது விபத்து நடந்த நாளிலிருந்தே என்றும் சொன்னார்கள். ஏழு வருஷத் தாமதத்துக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. விரல் அட்டவணை அதிலும் இருக்கிறது. தச்சரின் தீர்ப்பை வக்கீல்கள் இன்னமும் எடுத்துக் காட்டுகிறார்கள்.