கப்பல்களுக்குப் புகலிடம் தந்த ஊர்

திருகோணமலையின் வரலாற்றை எழுதுவோர் கோணேசர் ஆலயத்தில் தொடங்கி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று கோட்டையைப் பிடித்தவர்களின் வரிசையோடு முடித்துவிடுவது வழக்கம். இத்தனை பேரும் இத்துறைமுகத்தின்மீது கண்வைத்ததற்குப் புயலும் ஒரு காரணம் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1659 நவெம்பரில் மசூலிப்பட்டினக் கரையில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலேயக் கப்பலின் பாய்மரத்தைப் புயல் முறித்தது. அதைச் செப்பனிட ஏற்ற இடமென்று அக்கப்பல் வந்துசேர்ந்தது கொட்டியாரக் குடாவுக்கு. கரையிறங்கிய ராபர்ட் நொக்ஸ், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகி, 19 ஆண்டுகளுக்கு மேல் இத்தீவில் வாழ நேர்ந்தது.

சென்னை, கடலூர், புதுச்சேரி ஆகிய இடங்களில் அந்நாளில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1746 ஒக்டோபரில், சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்களைப் புயல் அங்கேயே சிதறடித்தது. 1782 ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்த பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ், வாடைக்காலத்தில் ஒதுங்க இடமின்றிப் பம்பாய்வரை செல்ல வேண்டியதாயிற்று. குன்றுகள் சூழ்ந்த அந்த ஆழமான உட்துறையின் அருமை அப்போது புரிந்தது. 1795இல் பிரித்தானியர் அதை மீண்டும் கைப்பற்றினர்.

கப்பல்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஊர்மக்களுக்குக் கிடைத்ததா?

திருகோணமலை உலர் வலயத்தில் இருக்கிறது. ஆண்டின் நடுப்பகுதி முழுவதும் வெயிலும் கச்சான் காற்றும்தான். ஒக்டோபருக்குப் பின் வரும் மாரிமழையை நம்பியே குளங்களும் வயல்களும் இருக்கின்றன. மழைக்கு ஏங்கும் இம்மண்ணுக்குச் சூறாவளி அபூர்வமான விருந்தாளி. புயலைச் சுழலவைக்கும் புவிச்சுழற்சியின் விளைவு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். ஆகவே வங்கக் கடலின் புயல்களில் பெரும்பாலானவை இன்னும் வடக்கே, தமிழகத்தையோ ஆந்திரத்தையோ அதற்கும் அப்பாலோ நோக்கிச் சென்றுவிடுகின்றன. ஆபத்து அரிதாக வருவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு தலைமுறை பட்ட பாட்டை அடுத்த தலைமுறை மறந்துவிடுகிறது.

1964 டிசெம்பர் 22 அன்று வடகிழக்குக் கரையில் புகுந்த புயல், வன்னியை ஊடறுத்துச் சென்று, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. ரயிலோடு மாண்டவர்களின் கதையைத் தமிழுலகம் இன்றும் சொல்கிறது. அதே புயல் முதலில் மிதித்தது திருகோணமலைப் பக்கத்தை என்பதை எத்தனை பேர் அறிவர்? 1978 நவெம்பரில் வந்த சூறாவளி மட்டக்களப்பைச் சூறையாடியது. அதற்குப்பின் இலங்கையைத் தாக்கிய வலிய புயல், 2000 டிசெம்பர் 26 அன்று திருகோணமலைக்கு அருகிலேயே கரையேறியது. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே நொந்திருந்த மக்களின் கூரைகளைக் காற்று கொண்டுபோயிற்று.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். எந்த எச்சரிக்கையும் அவர்களை எட்டவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகே, 2005இல், அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது.

அதன் பயன் 2020 டிசெம்பர் 2 இரவு தெரிந்தது. 'புரெவி' புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தபோது, ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு மிகக் குறைவு.

ஆனால் 2025 நவெம்பர் இறுதியில் வந்த 'டித்வா' வேறு பாடம் நடத்தியது. அதன் காற்றைவிட மழையே கொன்றது. மலையகத்தில் மண் சரிந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் பெய்த மழையை மகாவலி சுமந்துவந்து மூதூர், வெருகல் பகுதிகளில் கொட்டியது. கொட்டியாரக் குடாவில் கலக்கும் ஆறு அது. அன்று புயலில் அடிபட்ட கப்பல் அடைக்கலம் தேடிவந்த அதே குடாவை அண்டிய மக்கள், வீடுகளை விட்டு அடைக்கலம் தேடி ஓடினார்கள்.

கடலைப் பார்த்து எச்சரிக்கை விடுக்க நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். இனி ஆற்றின் தலைமாட்டையும் பார்த்தாக வேண்டும். கண்டியில் கொட்டும் மழை வெருகலுக்கு வந்துசேரச் சிறிது அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில், எல்லோருக்கும் விளங்கும் மொழியில், எச்சரிக்கை கடைக்கோடி வீடுவரை போய்ச்சேர வேண்டும். மரக்கலங்களைக் காக்க வல்லரசுகள் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டன. மனிதரைக் காக்க அதில் ஒரு பங்கு அக்கறையேனும் வேண்டாமா?