அரிசி கொண்டு போன காலைகள்

பெட்டாலிங் ஜெயா பழைய நகரில், ஜாலான் ஓத்மானுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஐந்து வயது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மா, தலைக்கு மேல் விமானம் போனால் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "அரிசி கொண்டு போறானா?" என்று உள்ளே இருக்கும் அப்பாவைக் கேட்பார். அப்பா எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். இரைச்சலை வைத்தே, "ஆமா, நிறைய ஏத்தியிருக்கான்" என்றோ, "வெறும் ஆளு" என்றோ சொல்லிவிடுவார்.

அப்பா சுங்கை பீசி விமானத் திடலில் புல் வெட்டும் கூலியாக இருந்தவர். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருவரும் ஒரே லயத்தில் குடியிருந்த காலம் அவசரகாலம். 1948 ஜூனில் பிரகடனமாகி 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் அது முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலத்து வானத்தைப் பற்றி நான் அறிந்ததில் பாதி, இந்த இரண்டு பேரும் சொன்னது.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போன படைகள் நாட்கணக்கில் வெளியே வருவதில்லை. முதுகில் சுமக்கும் உணவு தீர்ந்ததும் வானத்திலிருந்துதான் அடுத்தது வரவேண்டும். முதலில் டகோட்டா விமானங்கள், பிறகு வலெட்டா. நியூசிலாந்துக்காரர்களின் பெரிய மூக்குள்ள பிரிஸ்டல் ஃபிரெய்ட்டரும் அந்த வேலையைச் செய்தது. கீழே ஆட்கள் மரங்களைச் சாய்த்து, கைக்குட்டை அகலத்துக்கு ஓர் இடம் வெட்டிப் புகை காட்டுவார்கள். விமானம் மர உச்சிகளை ஒட்டித் தாழ்ந்து வரும்போது, திறந்த கதவருகில் நிற்கும் ராணுவ வீரர்கள் பாராசூட் கட்டிய மூட்டைகளைத் தள்ளிவிடுவார்கள். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் தள்ள முடியாது. திரும்பத் திரும்ப அதே பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். மூன்று பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில் தவறான பக்கம் திரும்பினால் ஏறித் தப்ப இடம் இருக்காது.

அதைவிடப் பெரிய எதிரி நேரம். தித்திவாங்சா மலைத்தொடரில் விடியற்காலையில் பள்ளத்தாக்குகளைப் பனிமூட்டம் நிரப்பியிருக்கும். வெயில் ஏறினால்தான் அது விலகும். அதே வெயில்தான் ஈரக்காற்றைச் சூடாக்கி மேலே தள்ளி, நண்பகலுக்குள் மலைமேல் மேகத்தைக் கோபுரமாகக் கட்டும். பிற்பகலில் இடியும் மழையும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆண்டில் பாதி நாளாவது இங்கே இடி கேட்கிறது. பனி விலகுவதற்கும் மேகம் திரள்வதற்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரந்தான் மூட்டை போட ஏற்ற நேரம். "பத்து மணி தாண்டிப் போனவன் சுமையோட திரும்புவான்" என்பது அப்பா கண்ட கணக்கு. சுமையோடு திரும்பிய விமானம் தரையைத் தொடும் ஓசை வேறாக இருக்குமாம்.

புயலை வேவு பார்க்கத் தனியாக விமானம் வந்ததாக அப்பா சொன்னதில்லை. சரக்கு கொண்டு போகிறவனே வேவுகாரன். மலை இடுக்கில் மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கணவாய் திறந்திருக்கிறதா என்பதைப் போய்ப் பார்த்தவன்தான் அடுத்து வருகிறவனுக்குச் சொல்லவேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு தொல்லை உண்டு. மலாய்க்காரர்கள் அங்கின் சுமத்ரா என்கிறார்களே, அந்தக் காற்று. மலாக்கா நீரிணையில் இரவில் வரிசையாகத் திரண்டு விடியுமுன் கரையேறும். கிள்ளானில் கூரைத் தகரத்தை ஆட்டிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வரும். விடியலில் கிளம்பவேண்டிய விமானம் அன்று திடலிலேயே நனைந்துகொண்டு நிற்கும்.

திரும்பாமல் போனவர்களும் உண்டு. 1950 ஆகஸ்டில் கிளந்தான் காட்டில் ஒரு டகோட்டா விழுந்து அதிலிருந்த 12 பேரும் மாண்டார்கள். அவர்களின் எஞ்சிய எலும்புகளை 2008-இல்தான் காட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். 2012-இல் கோலாலம்பூரில் அடக்கம் செய்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் புல் வெட்டிய காலத்தில் பறந்தவர்கள் அவர்கள்.

இந்த வானத்துக்கு இன்னொரு முகம் தரையில் இருந்தது. காட்டிலிருப்பவர்களைப் பட்டினி போட 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வேலி. அரிசி அளந்துதான் கிடைக்கும். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போகக்கூடாது. கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அதை யாரும் பதுக்கி வைக்க முடியாது. அம்மா இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, வாசலில் சோதனைக்குக் கைகளைத் தூக்கி, வெறும் வயிற்றோடு பால்மர நிரைக்குப் போவார். பால் எடுத்து முடிய நண்பகல் ஆகும். அதற்கு வெகு முன்பே, காலையில், தலைக்கு மேல் டகோட்டா போகும். அதனுள் அரிசி இருக்கிறது என்று அப்பா சொல்லி அம்மாவுக்குத் தெரியும். "என் தலைக்கு மேலேயே போகுது, எனக்கு ஒரு கவளம் கொண்டுபோக விடமாட்டேங்கிறான்" என்று அவர் சொன்னதில் இருந்த கோபத்தை வரலாற்று நூல்களில் நான் இதுவரை பார்க்கவில்லை. அதே விமானங்கள் தமிழிலும் துண்டுப் பிரசுரங்களைப் போட்டன. சரணடையச் சொல்லும் தாள் நிரையில் வந்து விழும், சோறு விழாது.

1952-இல் எஃபிங்ஹாம் தோட்டத்தை அழித்துப் பெட்டாலிங் ஜெயாவைத் தொடங்கியதும், கோலாலம்பூரின் புறம்போக்குக் குடிசைகளில் நெருங்கியிருந்தவர்களுக்கு மனை கொடுத்ததும் இந்த அவசரகாலத்தின் பிள்ளைகள்தான். எங்கள் நகரம் பிறந்த கதையும் அந்த விமானங்களின் கதையும் ஒரே வயிற்றில் கிடந்தவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திடலில் வேறொரு கூட்டம் இறங்கும். அப்பா அவர்களை ஞாயிற்றுப் பட்டாளம் என்பார். 1950-இல் தொடங்கிய மலாயா துணை விமானப்படை அது. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் மூன்றிலும் அதற்குப் பிரிவுகள் இருந்தன. வார நாளில் வேறு வேலை, ஓய்வு நாளில் டைகர் மாத் அல்லது ஹார்வர்ட். அந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. 1940-இல் விமானக் கழகங்களின் சிறு விமானங்களையும் அவற்றின் உறுப்பினர்களையும் சேர்த்து மலாயாத் தொண்டர் விமானப்படையை அமைத்திருந்தார்கள். ஜப்பானியர் வந்தபோது ஆயுதமில்லாத அந்த விமானங்களில் செய்தி கொண்டுபோனார்கள், வேவு பார்த்தார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. மிஞ்சியவர்கள் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் பறந்தார்கள். அரைநாள் வீரர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

ஹார்வர்ட் விமானத்தின் கரகரத்த ஓசை எனக்கே நினைவிருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தபோது, அதே வகை விமானந்தான் உலகில் முதன்முதலாக வேண்டுமென்றே சூறாவளிக்குள் புகுந்தது என்று படித்தேன். 1943 ஜூலை 27, டெக்சஸ். ஜோசப் டக்வர்த் என்ற பயிற்றுநரும் வழிகாட்டி ரால்ஃப் ஓஹேரும் அந்தப் பயிற்சி விமானத்தில் கால்வெஸ்டன் அருகே புயலின் கண்ணுக்குள் போய்த் திரும்பினார்கள். தரையிறங்கியதும் வானிலை அதிகாரி தானும் வருவேன் என்றார். டக்வர்த் அவரை ஏற்றிக்கொண்டு அன்றே மறுபடியும் போனார்.

இன்று அமெரிக்கப் படையில் அந்த வேலையைச் செய்வது மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலுள்ள 53-ஆம் வானிலை வேவுப் பிரிவு. அது விமானப்படையின் இருப்புப் படையைச் சேர்ந்தது. ஓட்டுவது ஹெர்குலிஸ் விமானம். அதே தளத்தில் சரக்கு கொண்டு செல்லும் இருப்புப் பிரிவும் இருக்கிறது. சரக்கு விமானத்தில் மூட்டை தள்ளும் பொறுப்பாளர்தான் புயல் விமானத்தில் ஒரு குழாயை வெளியே விடுகிறார். சிறு பாராசூட்டில் தொங்கியபடி அது கடல்வரை இறங்கும். வழியெல்லாம் காற்றழுத்தம், வெப்பம், ஈரம், காற்று என்று அளந்து வானொலியில் அனுப்பும். டகோட்டாவின் கதவருகில் நின்றவர்களை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. அவர்கள் அரிசியைத் தள்ளினார்கள், இவர்கள் கருவியைத் தள்ளுகிறார்கள். கை ஒன்றுதான்.

நம் பக்கம் அப்படி ஒரு படை தேவைப்படாது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். பூமி சுழல்வதால் பிறக்கும் திருப்பு விசை நிலநடுக்கோட்டருகில் மிகக் குறைவு, அதனால் ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது அரிது என்பது பாடம். ஆனால் 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் வட்டாரத்தைச் சிதைத்து இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2001 டிசம்பர் 26-இல் வாமெய் ஏறக்குறைய ஒன்றரைப் பாகையிலேயே பிறந்து, மறுநாள் ஜொகூரில் கரையேறியது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். வரைபடத்தில் ஜொகூருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, மாணவர்களை ஒவ்வொருவராக எழுந்து வந்து தொடச் சொன்னேன்.

விமானங்கள் மாறின. 1958-இல் நம் சொந்த விமானப்படை தொடங்கியபோது வந்த முதல் ட்வின் பயனியருக்குத் துங்கு அப்துல் ரஹ்மான் லாங் ராஜாவாலி என்று பெயர் வைத்தார். குட்டையான ஓடுபாதையிலும் இறங்கக்கூடியது. 1965-இல் சுபாங் திறந்ததும் பயணிகள் விமானங்கள் சுங்கை பீசியை விட்டு எங்கள் தலைக்கு மேல் வரத் தொடங்கின. 1976-இல் ஹெர்குலிஸ் வந்தது. புகைமூட்டக் காலங்களில் அதே ஹெர்குலிஸ் செயற்கை மழைக்காக உப்புக் கரைசல் தொட்டியோடு மேகத்தைத் தேடிப் போகிறது. மேகத்துக்குப் பயந்து பத்து மணிக்குத் திரும்பியவர்களை அறிந்த அப்பாவுக்கு இதைச் சொல்ல நான் ஆசைப்பட்டேன். அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

அம்மா இருந்தார். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. ஒரு காலை சுபாங் பக்கமிருந்து கனத்த இரைச்சல் எழுந்தது. கட்டிலில் இருந்தபடியே தலையைத் தூக்கினார்.

"அரிசி கொண்டு போறானா?"

"ஆமாம்மா, கோத்தா பாருவுக்கு. வெள்ளத்துல மாட்டிக்கிட்ட சனங்களுக்கு."

"மணி என்னா?"

ஏழரை என்றேன். "நேரத்துக்குத்தான் போறான்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.