அச்சில் விடுபட்ட பத்தி: 1912 முற்போக்குக் கட்சி அறிக்கையும் கேப்ரியல் கோல்கோவின் வாசிப்பும்

அமெரிக்காவின் முற்போக்குக் காலத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் கேப்ரியல் கோல்கோவுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. 1963இல் வெளிவந்த 'பழமைவாதத்தின் வெற்றி' என்ற நூலில், 1900 முதல் 1916 வரையிலான சீர்திருத்தங்கள் குறித்து அதுவரை நிலவிய கருத்தை அவர் புரட்டிப்போட்டார். பெருமுதலாளிகளை மக்களின் அரசு அடக்கியது என்பது பழைய கதை. தமக்குள் நடந்த போட்டியைத் தாங்க முடியாத பெருமுதலாளிகளே மத்திய அரசின் கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்கினர் என்பது கோல்கோ சொன்ன கதை. இதற்கு அவர் இட்ட பெயர் அரசியல் முதலாளியம். இடதுசாரி நிலையில் நின்று எழுதிய அவரை, அரசுக் கட்டுப்பாடே கூடாது என்ற வலதுசாரிகளும் பிற்காலத்தில் ஆர்வத்தோடு எடுத்தாண்டனர்.

அவர் வாதத்தில் வலுவான இடங்கள் உண்டு. 1906ஆம் ஆண்டின் இறைச்சி ஆய்வுச் சட்டத்தைப் பெரிய இறைச்சி நிறுவனங்கள் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. அரசு முத்திரை இருந்தால் ஐரோப்பியச் சந்தை திறக்கும் என்பதையும், சிறு நிறுவனங்களும் அதே சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும் என்பதையும் அவை அறிந்திருந்தன. யாருடைய பணத்தில் ஆய்வு நடப்பது என்பதில்தான் சண்டை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் மீது 1907இல் தொடுக்கப்படவிருந்த வழக்கு, மார்கன் வங்கியின் பங்காளி ஜார்ஜ் பெர்கின்ஸ் தலையிட்டபின் நிறுத்திவைக்கப்பட்டதும் ஆவணத்தில் உள்ள செய்தி. இவற்றை மறுப்பது என் நோக்கம் அன்று. ஆனால் 1912இல் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் தலைமையில் தோன்றிய முற்போக்குக் கட்சியையும் அதன் கொள்கை அறிக்கையையும் கோல்கோ இதே சட்டகத்துக்குள் அடைத்துவிடுகிறார். பெர்கின்ஸ் அந்தக் கட்சியின் செயற்குழுத் தலைவர், அதற்குப் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். ஆகவே அறிக்கையும் பெர்கின்ஸின் அறிக்கை என்றே அவர் வாசிப்பு போகிறது. அந்த அறிக்கையின் பாட வரலாறு இதற்கு இடம் தரவில்லை என்பது என் கருத்து.

கட்சியின் மாநாடு 1912 ஆகஸ்ட் 5 முதல் 7 வரை சிகாகோவின் கொலிசியம் அரங்கில் கூடியது. தீர்மானக் குழுவின் தலைவர் வில்லியம் டிரேப்பர் லூயிஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் தலைவர். கடைசி நாளில் அறிக்கையை மேடையில் நின்று அவரே படித்தார். தொழில் நிறுவனங்கள் பற்றிய பகுதியில், 1890ஆம் ஆண்டின் ஏகபோக எதிர்ப்புச் சட்டமான ஷெர்மன் சட்டத்தை வலுப்படுத்த வேண்டும் என்று ஒரு பத்தி வந்தது. விற்பனைப் பகுதிகளைப் பங்கு போட்டுக்கொள்வது, உற்பத்தியை ஒப்பந்தம் செய்து குறைப்பது, போட்டியாளரிடம் வாங்கும் வாடிக்கையாளருக்குச் சரக்குத் தர மறுப்பது, ஓர் ஊரில் அடக்கவிலைக்கும் கீழே விற்றுவிட்டு மற்ற ஊரில் விலையை உயர்த்தி வைப்பது, போக்குவரத்தின் பிடியைக் கொண்டு ஒரு நிறுவனத்தைத் தூக்கிவிடுவது அல்லது நசுக்குவது, இவை போன்ற பிற முறைகேடான வணிக வழக்கங்கள் ஆகியவை தடுக்கப்பட வேண்டும் என்று அது வரிசைப்படுத்தியது. மேடையில் இருந்த பெர்கின்ஸ் அதைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, இது அறிக்கையில் இருக்கக் கூடாதது என்று சொல்லி வெளியேறினார். லூயிஸ் படித்து முடித்தார். பேராளர்கள் ஆரவாரத்தோடு ஏற்றனர். மறுநாள் முதல் கட்சி வெளியிட்ட அச்சுப் பிரதியில் அந்தப் பத்தி இல்லை.

இந்த விடுபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கட்சியின் செயலாளராக இருந்த ஆஸ்கர் கிங் டேவிஸ் தம் நினைவு நூலில் தருவது ஒன்று. ரூஸ்வெல்ட்டும் பெர்கின்ஸும் ஒப்புக்கொண்ட இறுதி வரைவில் அந்தப் பத்தி இருக்கவில்லை, லூயிஸ் கையில் இருந்தது பழைய வரைவு, தவறுதலாகப் படித்துவிட்டார், அச்சில் அது சரிசெய்யப்பட்டது. பெர்கின்ஸின் வாழ்க்கை வரலாற்றை 1960இல் எழுதிய ஜான் கேரட்டியும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கிறார். பெர்கின்ஸின் பகைவர் ஏமஸ் பின்ஷோ எழுதிவைத்து, அவர் இறந்தபின் 1958இல் வெளியான கட்சி வரலாறு மற்ற விளக்கத்தைத் தருகிறது. மாநாடு ஏற்ற ஒன்றைப் பணக்காரர் ஒருவர் இரவோடிரவாக வெட்டி எறிந்தார் என்பது அவர் கூற்று.

டேவிஸ், பின்ஷோ இருவருமே கட்சிக்காரர்கள், இருவருமே நிகழ்ச்சிக்கு வெகுகாலம் கழித்து எழுதியவர்கள். ரூஸ்வெல்ட் அந்தப் பத்தியை நீக்க ஒப்புக்கொண்டது லூயிஸ் படிப்பதற்கு முன்பா, படித்த பின்பா என்பதில் இரண்டு கூற்றுகளும் மோதுகின்றன. ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவா, 7ஆம் தேதி பிற்பகலா என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் டேவிஸின் கூற்றை அப்படியே ஏற்றாலும் பாடத்தைப் பற்றிய முடிவு மாறாது. ஒரு வரைவு பழையது என்றால் அதை எழுதிய ஒரு கை இருந்திருக்க வேண்டும். அது தீர்மானக் குழுத் தலைவரின் கைக்கு, அதுவும் மேடை ஏறும் நேரத்தில், வந்து சேரும் அளவுக்குக் குழுவில் அதற்குச் செல்வாக்கு இருந்திருக்கிறது. அதற்கும் மேலாக, ஓர் அவை தான் கேட்டு ஏற்றதே அந்த அவையின் தீர்மானம். அவை கேளாத அறையில் ஒருவர் வைத்திருந்த திருத்தப் பிரதி மூலபாடம் ஆகாது. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் பதிப்பாசிரியர்களின் கண்ணில் பார்த்தாலும், லூயிஸ் படித்ததே மூலம், அச்சில் வந்தது விடுபாடுள்ள பிரதி.

பெர்கின்ஸ் தரப்பினர் ஒன்று சொல்லலாம், சொல்லவும் செய்தனர். அச்சுப் பிரதியில் ஒரு வலுவான தேசிய ஆணையம் அமைக்க வேண்டும் என்ற பகுதி அப்படியே இருக்கிறது. அது முறைகேடான போட்டியையும் பொய்யான மூலதனக் கணக்கையும் தாக்கும் என்றும் அதில் உள்ளது. அப்படியானால் போனது என்ன?

போனது பட்டியல். இது சிறிய வேறுபாடு அன்று. குற்றங்களைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதினால், அவற்றைச் செய்தவன் எவனாயினும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பட்டியலை எடுத்துவிட்டு ஆணையத்தை மட்டும் வைத்தால், எது முறைகேடு என்பதை ஆணையர்கள் அவ்வப்போது முடிவுசெய்வார்கள். நிறுவனத் தலைவர் முன்கூட்டியே போய்ப் பேசி இசைவு வாங்கலாம். 1907இல் ஹார்வெஸ்டருக்காக பெர்கின்ஸ் செய்தது ஏறக்குறைய அதுதான். விற்பனை முகவர்கள் பிறர் சரக்கைத் தொடாதபடி கட்டிப்போட்டதாக அந்த நிறுவனத்தின் மீதே குற்றச்சாட்டு இருந்தது. அந்த நிறுவனத்தைக் கலைக்கக் கோரி அதிபர் டாஃப்டின் அரசு 1912 ஏப்ரலில் வழக்குத் தொடுத்திருந்தது. யு.எஸ். ஸ்டீல் மீதான வழக்கு அதற்கு முந்தைய அக்டோபரில் வந்தது. இரண்டு நிறுவனங்களிலும் பெர்கின்ஸ் இயக்குநர். அந்தப் பட்டியலைக் கேட்டு அவர் எழுந்து போனதில் வியப்பில்லை.

இங்கே கோல்கோவின் மாணவர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: நீங்கள் சொல்வது எல்லாம் அவர் வாதத்துக்குத்தானே துணை? முதலாளி விரும்பாததை முதலாளி நீக்கினார். ஆனால் நீக்கத் தேவை ஏன் வந்தது என்பதையும் கேட்க வேண்டும். அறிக்கை பெர்கின்ஸுடையது என்றால் அவர் குழுவிலேயே வென்றிருப்பார். குழுவில் அவரால் அந்தப் பத்தியை ஒழித்துக்கட்ட முடியவில்லை. அவை நடுவில் எழுந்து எதிர்த்து வாக்குக் கேட்கவும் அவர் துணியவில்லை. கேட்டிருந்தால் தோற்றிருப்பார். அவருக்கு மிஞ்சியிருந்தது அச்சகம் ஒன்றுதான். அதுவும் நிலைக்கவில்லை. தேர்தல் முடிந்து டிசம்பரில் கட்சியினர் மீண்டும் சிகாகோவில் கூடியபோது, ஏமஸ் பின்ஷோவும் அவர் சகோதரரும் கிளப்பிய சண்டையின் விளைவாகப் பத்தி திரும்பச் சேர்க்கப்பட்டது. நான்கு மாதம் அச்சில் இல்லாமல் இருந்த ஒரு பத்தி பணத்தின் வலிமையைக் காட்டுகிறது, உண்மை. அந்த வலிமைக்கு இருந்த வரம்பையும் அதே பத்திதான் காட்டுகிறது.

வேறோர் இடம் கோல்கோவுக்கு இதைவிட இடைஞ்சலானது. அறிக்கையின் தொழிலாளர் பகுதி. குழந்தை உழைப்புத் தடை, உழைக்கும் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், வாரம் ஒரு நாள் ஓய்வு, பணியிட விபத்துக்கும் இறப்புக்கும் இழப்பீடு, நோய்க்கும் வேலையின்மைக்கும் முதுமைக்கும் எதிரான சமூகக் காப்பீடு ஆகியவை அதில் உள்ளன. இவை பெர்கின்ஸின் அலுவலகத்தில் பிறந்தவை அல்ல. 1912 ஜூனில் கிளீவ்லாந்தில் கூடிய அறக்கொடை, சீர்திருத்தத் தேசிய மாநாட்டில் ஓவன் லவ்ஜாய் தலைமையிலான குழு 'தொழிலுக்கான சமூகத் தரங்கள்' என்று ஓர் அறிக்கை அளித்தது. அதன் கூறுகள் பல இரண்டே மாதத்தில் கட்சி அறிக்கையில் ஏறக்குறைய அப்படியே வந்து அமர்ந்தன. அந்தத் தரங்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பால் கெல்லாக், பிட்ஸ்பர்க் நகரின் உழைப்பு நிலையை ஆராய்ந்த பெரும் ஆய்வை 1907, 1908இல் நடத்தியவர். எஃகாலை உலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, இரவுப் பணியும் பகல் பணியும் மாறும் வாரத்தில் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும் முறை ஆகியவற்றை அந்த ஆய்வு பதிவு செய்தது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் ஆலைகளில் எட்டு மணி நேர வேலை என்று கட்சி அறிக்கை கேட்பது இதன் நேர் விளைவு. அந்தக் கூறு யு.எஸ். ஸ்டீலின் உலை வாயில் போய் நிற்கிறது. அந்த நிறுவனம் பன்னிரண்டு மணி நேர வேலையை 1923 வரை கைவிடவில்லை. அதன் இயக்குநர் நடத்திய கட்சியின் அறிக்கையில், அச்சுப் பிரதியில் கூட, அது நின்றது. பெருமுதலாளியின் விருப்பமே அறிக்கை என்ற வாய்பாட்டில் இதற்கு இடமில்லை.

பெர்கின்ஸ் இதை ஏன் விட்டுவைத்தார் என்பதற்கு ஆவணச் சான்று மெலிந்தது. தொழிலாளர் நலச் சட்டங்கள் மாநிலங்களின் கையில் இருந்தன, ஆகவே அவை வருவதற்குள் காலம் போகும் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். ஊழியர்களுக்கு இலாபப் பங்கும் ஓய்வூதியமும் தந்து தொழிற்சங்கத்தைத் தவிர்க்கலாம் என்று உண்மையாகவே நம்பியவர் அவர், ஆகவே நலக் கோரிக்கைகள் அவரை உறுத்தாமலும் இருந்திருக்கலாம். எதுவாயினும், எழுதியவர்கள் வேறு, விட்டுவைத்தவர் வேறு. எழுதிய கைகளைக் கோல்கோ பார்க்கத் தவறிவிட்டார். மாநாட்டில் ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்து பேசிய சமூகச் சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸும் அந்தக் கைகளோடு சேர்ந்தவரே.

நீக்கப்பட்ட ஷெர்மன் பத்தி பிறகு எங்கே போயிற்று? 1912 நவம்பர் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வில்சன் வென்றார். ரூஸ்வெல்ட் 27 விழுக்காடு வாக்கும் 88 தேர்வாளர் வாக்கும் பெற்று இரண்டாம் இடத்தில் நின்றார். 1914 அக்டோபரில் நிறைவேறிய கிளேட்டன் சட்டத்தின் இரண்டாம் பிரிவு பாகுபாட்டு விலையையும், மூன்றாம் பிரிவு போட்டியாளர் சரக்கை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் தடுத்தன. லூயிஸ் படித்த பட்டியலின் இரண்டு உருப்படிகள் மாற்றுக் கட்சியின் கையால் சட்டமாயின. கிளேட்டன் சட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு நிறைவேறிய மத்திய வணிக ஆணையச் சட்டம் முறைகேடான போட்டி முறைகளைப் பொதுப்படத் தடுத்தது. கிளேட்டன் மசோதாவில் முதலில் இருந்த குற்றத் தண்டனைகள் செனட்டில் கழன்றுபோயின என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டியலா ஆணையமா என்ற சிகாகோ சண்டை வாஷிங்டனில் மறுபடி நடந்து, ஆணையத்தின் பக்கமே எடை கூடியது. 1914ஐப் பொறுத்தவரை கோல்கோவின் வாசிப்பில் பாதி நிற்கிறது.

முதலாளியின் கையை மட்டுமே தேடியதால் அவர் கண்ணில் சரியாகப் படாத இன்னொரு விடுபாடும் உண்டு. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கோரும் ஒரு பத்தியைக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் எழுத, அவரோடு இயங்கிய ஜோயல் ஸ்பிங்கார்ன் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். குழு அதை ஏற்கவில்லை. தெற்கு மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பினப் பேராளர்களுக்கு அரங்கில் இருக்கையும் மறுக்கப்பட்டது. வெள்ளை வாக்காளர்களை நம்பித் தெற்கில் கட்சி கட்டலாம் என்று ரூஸ்வெல்ட் எண்ணினார். ஆடம்ஸ் மனம் வருந்தினார், ஆனாலும் கட்சியோடு நின்று, டூ பாய்ஸ் நடத்திய 'கிரைசிஸ்' இதழில் நவம்பர் மாதம் அதற்குக் காரணம் எழுதினார். இந்தப் பத்தி மேடைக்கே வரவில்லை, ஆகவே டிசம்பரில் திரும்பச் சேர்க்கவும் எதுவும் இருக்கவில்லை. ஷெர்மன் பத்திக்காக மாதக்கணக்கில் போராடிய முற்போக்காளர்கள் இதற்காக அப்படிப் போராடவில்லை. அந்த அறிக்கையின் மெய்யான வரம்பு வால் தெருவைவிட இங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

அறிக்கையின் மற்றக் கோரிக்கைகளின் பின்வரலாறு பலரும் எழுதியதுதான். செனட்டர்களின் நேரடித் தேர்தல் 1913இல் வந்தது, பெண்களின் வாக்குரிமை 1920இல். குழந்தை உழைப்பைத் தடுத்த 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் வீழ்த்தியது, 1938இல் அது வேறு சட்டத்தின் வழி மீண்டது. முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் காப்பீடு 1935இல் கிடைத்தது. நோய்க்கான காப்பீடு அதில் சேரவில்லை.

1912 அறிக்கையை மேற்கோள் காட்டும் நம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் அச்சுப் பிரதியா, லூயிஸ் படித்த பாடமா, எதைக் கையாள்கிறீர்கள் என்பதை முதலில் குறிப்பிடுங்கள். ஷெர்மன் பத்தி இருக்கும் பாடத்தையே மூலமாகக் கொள்ளுங்கள்.