கங்காணி

பெயர்ச்சொல். 'கண்காணி' மருவி வந்தது. மேற்பார்ப்பவர் என்பது பொருள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியம் பார்த்தவர் 'ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி'. சிங்களவரிடையே 'கங்கானம்கே' என்ற குடும்பப் பெயர் இன்றும் உண்டு.

இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் இச்சொல்லுக்குக் கனம் கூடியது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களைத் திரட்டியவர் கங்காணி. திரட்டியது பெரும்பாலும் தம் ஊராரை, உறவினரை, சாதிசனத்தை. வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முன்பணம் ஆளின் பேரில் கடனாக ஏறியது. சில்லறைக் கங்காணிக்கு மேலே பெரிய கங்காணி. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அவர்களுக்குத் தலைக்காசு. மாமா, சித்தப்பா என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறவரிடமே பேர்ப்பதிவும் கடன் கணக்கும் இருந்தால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? உறவே அதிகாரமாயிற்று. கடன்தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. கடனைத் தீர்க்கும் தோட்டத் துரையிடம் ஆளும் போய்ச் சேர்ந்தார். துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது.

இன்று கங்காணி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்போருக்குப் பின்னால் நின்று நிரை பார்க்கிறார்.