கட்டைவிரல்

கடிகாரத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பேன். இப்போது அப்படிப் பார்க்க மாட்டேன். உட்கார வைத்துக் கதை சொல்வேன்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டன் நகரில் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கையில் தூண்டில் கழியுடன் தம் வீட்டுப் புல்தரையில் நிற்பார். தண்ணீரே இல்லாத இடத்தில் தூண்டில் போடுகிறவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? ஒரு நாள் வேலியோரம் போய் நின்றேன். "நீங்களும் எறிந்து பாருங்கள்" என்று கழியை என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த தூண்டில், மூங்கில் குச்சியும் நரம்பும் தக்கையும் மண்புழுவும்தான். இதுவோ வேறு ஜாதி. கழியின் மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரீல். அதில் குறுக்குவாட்டில் ஓர் உருளை. உருளையில் நரம்பு சுற்றியிருக்கிறது. நுனியில் முள்ளுக்குப் பதில் ஒரு சிறு ஈயக் குண்டு. வீசினேன். குண்டு பத்தடி தள்ளிப் பொத்தென்று விழுந்தது. உருளை மட்டும் நிற்கவில்லை. விர்ரென்று சுழன்று நரம்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் என் கையில் ஒரு காக்கைக் கூடு! அந்த ஊரிலும் அதற்குப் 'பறவைக் கூடு' என்றுதான் பெயராம். "தாத்தா, கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமா?" என்றாள் பேத்தி.

"வேண்டாம். இருநூறு வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்தக் கூட்டைக் கட்டியிருக்கிறார்கள்" என்று சிரித்தார் பெரியவர். சிக்கைப் பிய்த்து இழுக்காமல், உருளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நரம்பை மெதுவாக உருவச் சொன்னார். பாதி அவிழ்ந்தது. மீதிப் பாதி அவிழ்வதற்குள் அவர் சொன்ன சரித்திரம்தான் இந்தக் கட்டுரை.

நூல் சுற்றும் தூண்டில் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மா யுவான் என்ற சீன ஓவியர் தீட்டிய படத்திலேயே, குளிர்கால ஏரியில் தனியே படகில் இருப்பவனின் கழியில் ஒரு சக்கரம் தெரிகிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும் பல்சக்கர ரீல்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லண்டன் கடைகளில் விற்றன. ஆனால் அவை நூலைச் சேர்த்து வைக்கத்தான் லாயக்கு. வீசுவதற்கு ஏற்றவை அல்ல.

லெக்ஸிங்டனிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் பாரிஸ் என்று ஒரு சிற்றூர். பிரான்சுப் பாரிஸ் அல்ல, கென்டக்கிப் பாரிஸ். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்று ஒருவர் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டும் வெள்ளி வேலை செய்துகொண்டும் இருந்தார். மீன்பிடிப்பதில் பித்து. அந்தப் பக்கத்து ஓடைகளில் திரியும் பாஸ் மீனுக்கு, சின்னஞ்சிறு மீனை இரையாகக் கோத்துத் தூரத்தில் விழும்படி வீச வேண்டும். அவ்வளவு லேசான இரை இழுத்த இழுப்புக்கு உருளை சுழல வேண்டுமானால், அது எவ்வளவு லேசாக ஓட வேண்டும்! அதிலும் அந்தக் காலத்து ரீலில் உருளையைத் தனியே கழற்றிவிட வழியில்லை. இரை பறக்கும்போது பல்சக்கரங்களும் கைப்பிடியும் சேர்ந்து பின்புறமாகச் சுழலும். கரடுமுரடான சக்கரமானால் இரை காலடியிலேயே விழுந்துவிடும். ஸ்னைடர் 1810-க்கும் 1820-க்கும் இடையில் தம் கடிகாரப் பட்டறையிலேயே ஒரு ரீல் செய்தார். கடிகாரத்தின் பல்சக்கரம் எவ்வளவு நயமாக ஓடுமோ, அவ்வளவு நயமாக அது ஓடிற்று.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பட்டது. கடிகாரத்துக்குள் முறுக்கிய வில் ஒன்று இருக்கிறது. விட்டால் அது சக்கரங்களை ஒரே மூச்சில் ஓட்டித் தீர்த்துவிடும். அப்படி ஓடிவிடாமல் ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது ஒரு சிறு கவை. 'டிக் டிக்' என்று நாம் கேட்பது அந்தப் பிடியின் சத்தந்தான். ஸ்னைடர் தம் ரீலுக்குக் கடிகாரத்தின் சக்கரங்களைக் கொடுத்தார். கவையை மட்டும் கொடுக்கவில்லை. வீசிய இரை காற்றில் வரவர வேகம் குறையும். உருளைக்கு அது தெரியாது; முதலில் கிடைத்த வேகத்திலேயே ஓடும். இரைக்குத் தேவையானதைவிட அதிகமாக நூலைக் கொடுக்கும், கூடு பிறக்கும். அதைப் பிடித்துப் பிடித்து விட வேண்டிய வேலை யாருக்கு? வீசுகிறவனின் கட்டைவிரலுக்கு!

1830-களில் ஜானதன் மீக், பெஞ்சமின் மீக் என்ற சகோதரர்கள் ஃபிராங்ஃபோர்ட் நகரில் இந்தத் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் கடிகாரக்காரர்கள்தாம். பின்னாளில் மீக் பெயரில் வந்த சில ரீல்களின் அச்சு முனையில், கடிகாரத்தில் வைப்பதுபோலவே கற்கள் பதித்திருந்தார்கள். 1881-ல் ஹென்ஷால் என்ற டாக்டர் பாஸ் மீனைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுத, இந்த வித்தை நாடெங்கும் பரவியது.

அடுத்து வந்தவர் பெயரைக் கேட்டால் இலக்கிய ரசிகர்கள் திடுக்கிடுவார்கள்: வில்லியம் ஷேக்ஸ்பியர்! மிச்சிகனில் கலமசூ என்ற ஊர்க்காரர். நாடகம் எதுவும் எழுதவில்லை. உருளையில் நூல் ஒரே பக்கமாகக் குவியாமல், இப்படியும் அப்படியும் நகர்ந்து சீராகச் சுற்றிவைக்கும் சாதனத்தை 1890-களில் செய்தார். அதுவரை விரலால் நூலை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வேலை குறைந்தது.

கட்டைவிரலின் வேலையைக் குறைக்க வந்தவர்களும் கடிகாரக்காரர்களே. ஸ்வீடனில் ஸ்வெங்ஸ்டா என்ற கிராமத்தில் 1921-ல் தொடங்கிய ஒரு கடிகாரத் தொழிற்சாலை, டாக்ஸி மீட்டர் செய்யப் போய், யுத்த காலத்தில் அதுவும் நின்று ரீல் செய்ய வந்தது. அதுதான் ஆபு. 1952-ல் அது வெளியிட்ட 'அம்பாசடர்' ரீலில், உருளை வேகமாகச் சுழலும்போது சின்னஞ்சிறு கட்டைகள் வெளியே ஒதுங்கி ஒரு வளையத்தில் உரசும். வேகம் கூடினால் உரசல் கூடும், குறைந்தால் குறையும். 1980-களில் ஜப்பானியர் காந்தத்தை வைத்தே, உரசாமல், அலுமினிய உருளையை அடக்கினார்கள். ஸ்னைடர் கொடுக்காமல் விட்ட கவை, நூற்றைம்பது வருஷம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் கேட்டபின் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பக்கத்துத் திருகைத் தளர்த்தி, குண்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிற்கும்படி வைக்க வேண்டும். காந்தத்தை முதலில் அதிகமாக வைத்து, கை பழகப் பழகக் குறைக்க வேண்டும். வெடுக்கென்று வீசக் கூடாது. நரம்பு தளர்வதைக் கட்டைவிரல் உணர்ந்த மாத்திரத்தில் உருளையை வருட வேண்டும். குண்டு தரையைத் தொடும் க்ஷணத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும்.

"நீங்கள் மட்டும் காந்தத்தைக் குறைக்கவே இல்லையே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் வலது கையை நீட்டினார். மூளையில் ரத்தம் அடைத்து ஒரு மாதம் படுத்திருந்தாராம். எல்லாம் திரும்பிவிட்டது, கட்டைவிரலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. "நாற்பது வருஷம் இந்தக் காந்தத்தைக் கேலி செய்துகொண்டிருந்தேன். கட்டைவிரல் இல்லாதவனுக்கு எதற்குத் தூண்டில் என்பேன். இப்போது இதுதான் என் கட்டைவிரல்" என்றார்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் எல்க்ஹார்ன் ஓடைக்கு அழைத்துப் போனார். காந்தத்தைப் பாதியாகக் குறைத்து வீசினேன். இரை எதிர்க்கரைப் பாறை நிழலில் சத்தமில்லாமல் இறங்கிற்று. கூடு விழவில்லை. மீனும் விழவில்லை என்பது வேறு விஷயம். திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கரையில் நின்றபடியே, தம் வலது கட்டைவிரலால் காற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.