கானகப் பாதையும் காலணியும்

சென்ற தவணையில் எமது மாணவன் ஒருவன் ஒரு சோடிச் சப்பாத்தைக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் வைத்தான். கனடாவிலிருக்கும் தாய்மாமன் அனுப்பியது. "சேர், இது காட்டுப் பாதையில ஓடுறதுக்கெண்டே செய்ததாம். இதோட கதிர்காமத்துக்கு நடக்கலாமோ? மரதன் ஓட்டத்துக்குப் பழகவும் இதுவே காணுமோ?" என்று கேட்டான். கேள்வி சிறியது, சில வார்த்தைகளில் மறுமொழி கூறி அனுப்பிவிட்டோம். ஆனால் அந்தச் சப்பாத்து எம்மை விட்டுப் போகவில்லை. கரவெட்டியிலே ஒரு மாணவன் தன் காலணியைத் தானே தெரிந்தெடுக்க முற்படுகிறான் என்பதன் பின்னால் எத்தனை நூற்றாண்டுகள் கிடக்கின்றன என்ற எண்ணம் வளர்ந்துகொண்டே போயிற்று. அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

சங்க நூல்களைப் படித்தோர் ஓர் உண்மையை எளிதில் காண்பர். அங்கே காலணி அணிந்து நடப்போர் அரண்மனைவாசிகள் அல்லர். காட்டிலும் வழியிலும் திரிவோரே. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வணிகர் அடியை மறைக்கும் அரணம் பூண்டு நெடுவழி செல்கின்றனர். அகநானூற்றிலே கானவன் தொடுதோல் அணிந்தவனாக வருகிறான். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவிற் கன்னமிடப் புறப்படும் கள்வருக்குங்கூடத் தொடுதோல் உண்டு! புறநானூற்றுப் புலவரொருவர் ஒரு வீரனைப் பகைவருக்குச் செருப்பினுள் அகப்பட்ட சிறு பரலுக்கு ஒப்பிடுகிறார். செருப்போடு பலகாதம் நடந்தறியாத ஒருவருக்கு இவ்வுவமை தோன்றியிராது. காலணி அன்று தொழிற்கருவி. முள்ளும் பரலும் நிறைந்த நிலத்திலே உழைப்பவன் தன் உடலுக்குத் தேடிய காப்பு.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடத்தும் இதன் எதிரொலி கேட்கிறது. வேடராகிய திண்ணனார், இறைவன் முடிமேற் கிடந்த மலரைச் செருப்படியாலேயே நீக்குகிறார். அந்த அன்பை இறைவன் ஏற்கிறான். இக்கதையைக் கோயில் மண்டபங்களில் உள்ளமுருகப் படித்துப் பயன் சொன்ன அதே சமுதாயந்தான், மண்டபத்துக்கு வெளியே தெருவில் ஒரு தொழிலாளி செருப்போடு நடப்பதைப் பொறுக்கவில்லை. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்தவனைத் தீண்டத்தகாதவனென ஒதுக்கிவிட்டு, அவன் தைத்ததை மாத்திரம் காலில் மாட்டிக்கொண்டது. வேட்டுவன் காலிலிருந்த கருவி எப்பொழுது ஆண்டான் காலின் விருதாயிற்று? நாள் குறித்துச் சொல்லுதல் இயலாது. விளைவைச் சொல்லலாம்.

1660இல் கண்டியரசனிடம் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கேயுரிய அணிகளாக அங்குக் கருதப்பட்டன என எழுதுகிறார். திருவிதாங்கூரிலே சாணார் குடைபிடித்தலும் செருப்பணிதலும் பொன்னணி பூணுதலும் விலக்கப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்தை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 'சப்பாத்து' என்ற சொல்லைத் தந்துபோயினர். சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. பொருள் எல்லார் காலிலும் புகவில்லை. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரோ இதே வித்தையை உயர்குடியினர் மீதும் காட்டினர். துரைமார் முன்னிலையில் செருப்பைக் கழற்றுவதே மரியாதை என்றனர். 1862இல் சூரத்து நீதிமன்றத்திலே மானொக்ஜி கவாஸ்ஜி என்ற பார்சி அலுவலர் கழற்ற மறுத்தது பெரும் வழக்காயிற்று. தம் காலைத் தொட்டபோது மானம் விழித்துக்கொண்ட அந்தச் சீமான்களுட் பலர், தம் வயலில் வெறுங்காலோடு நின்றவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

எமது ஊரிலும் அயலிலும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடையிற் செருப்பு வாங்கியவர், பெரிய வீட்டு வளவைக் கடக்குமட்டும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாராம். வெயில் ஏறிய வல்லை வெளியை வெறுங்காலோடு கடந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். 1914இல் சூரன் அவர்கள் தொடங்கிய தேவரையாளிப் பாடசாலை இவ்வட்டாரத்திலே பல பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்தது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு நிறைவேறிய 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை விலக்கிவைத்தலைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள்: பாடசாலை, தேநீர்க்கடை, கிணறு, கோயில் ஆகியவற்றோடு, உடையும் காலணியும் அணிவதைத் தடுத்தலும் அங்கே குறிக்கப்படுகிறது. ஒரு சோடிச் செருப்புக்காகச் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது! சட்டம் ஏட்டிற் கிடக்க, 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாக நடந்தவர்களே அதற்கு உயிர்கொடுத்தார்கள்.

காட்டுவழி நடையைப் பற்றி எழுதுகையில் மலையகத்து மக்களை விட்டுவிட்டு எழுதுதல் நன்றியின்மை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். நொக்ஸ் ஆற்றோரமாக நடந்து விடுதலை கண்ட அரிப்புக் கரையோரத்திலிருந்தே இவர்கள் அடிமைத்தனத்தை நோக்கி எதிர்த்திசையில் நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அக்காலத்திலேயே அதே தீவின் காடுகளில் மேஜர் ரொஜர்ஸ் போன்ற துரைமார் வேட்டையாடிக் களித்தனர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட அவர், 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனப் பேசப்பட்டார். ஒரே காடு; ஒருவருக்குப் பொழுதுபோக்கு, மற்றவருக்குப் புதைகுழி.

தோட்டத்தை அடைந்த பின்னரும் அக்கால்கள் வெறுங்கால்களே. கொக்கிப்புழுவின் குடம்பிகள் ஈரமண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுட் புகுகின்றன; பின்னர் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இந்நோயொழிப்பு இயக்கத்தை நடத்தினர். மருந்து கொடுத்தார்கள், புழு இறந்தது. மலகூடமும் காலணியுமில்லாத லயத்துக்குத் திரும்பியவனை அது மறுபடியும் பற்றிக்கொண்டது. 1876இல் பிரேசில் வித்துகளிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் இங்கே காடாய்ப் பெருகின. 1952இல் அந்த இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி பெற்றோம். உலகம் முழுவதற்கும் அடித்தோலுக்கான பாலைச் சுரந்த மரத்தடியிலே, அதை வடித்த பெண்ணின் காலில் ஒரு துண்டு இறப்பர் இருந்ததா?

இனி அம்மாணவனின் சப்பாத்துக்கு வருவோம். முன்னர் மலையேறுவோர் தடித்த தோற்சப்பாத்தின் அடியில் இரும்பாணி அறைந்து சென்றனர். 1935இல் அல்ப்ஸ் மலையில் தோழர் அறுவரை இழந்த இத்தாலியர் வித்தாலே பிரமானி, தகுந்த காலணியின்மையே அவர்களது சாவுக்குக் காரணமெனக் கருதி, 1937இல் ஆழ்ந்த பற்களுடைய இறப்பர் அடியை உருவாக்கினார். பல்லுள்ள அடித்தோல்கள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி. எனினும் பாரமான சப்பாத்தே காட்டுக்கு ஏற்றதென்ற நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. அதை உலுக்கியவர்களுள் ஒருவர் எம்மா கேற்வூட் என்னும் அமெரிக்கக் குடியானவப் பெண். பதினொரு பிள்ளைகளின் தாயாகிய அவர், 1955இல் தமது 67ஆம் வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், ஏறத்தாழ 2,050 மைலை, சாதாரண துணிச்சப்பாத்தோடு தனியே நடந்து முடித்தார். காலில் ஏறும் பாரம் முதுகிலேறும் பாரத்தினும் கொடிது. சப்பாத்து ஒவ்வொன்றும் 100 கிராம் கூடினால், ஓட்டத்திற் செலவாகும் சக்தி ஏறத்தாழ 1 வீதம் உயருமென ஆய்வாளர் கூறுவர்.

அப்படியாயின் வெறுங்காலே மேலன்றோ எனச் சிலர் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவைச் சுட்டுவர். 1960இல் ரோம் நகரில் அவர் வெறுங்காலோடு மரதனை வென்றது மெய்தான். கிடைத்த சப்பாத்து காலுக்குப் பொருந்தாமையே காரணம். 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்தோடிய அவரே, மூன்று நிமிடங்கள் விரைவாக முடித்தார் என்பதை இவர்கள் சொல்வதில்லை. பிறருடைய வெறுங்காலைப் புகழ்பவரின் காலைக் குனிந்து பார்த்தல் நன்று!

சில ஆண்டுகளின் முன்னர் நாமும் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடே கதிர்காமத்துக்குச் சென்ற அடியாரோடு நடந்தோம். ஆசிரியருக்கு அழகென்று ஒரு கடையில் வாங்கிய கனத்த தோற்சப்பாத்து எம் காலில். ஆறு ஒன்றைக் கடந்ததும் நீர் உள்ளே தங்கியது, மணல் புகுந்தது, மறுநாள் இரு குதிகளும் கொப்புளம். சந்நிதி முருகன் வாசலிலிருந்தே நடந்துவந்த மூதாட்டி ஒருவர் றப்பர்ச் செருப்போடு எம்மைக் கடந்துபோனார். "தம்பி, அதைக் கழட்டித் தோளில போட்டுக்கொண்டு வாரும்" என்றார். கக்கத்தில் செருப்பு இடுக்கிய பழைய கதை அப்போது நினைவுக்கு வந்தது, சிரிக்க முடியவில்லை.

ஆகவே மாணவனுக்கு நாம் கூறியது இது: மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் அணிந்து பார்க்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கிடை இடம் வேண்டும், நீர் புகாத துணியைவிட, புகுந்த நீர் விரைந்து வடியும் துணியே எமது நாட்டுக்கு ஏற்றது. ஆழமான பற்கள் சேற்றுக்கு உதவும். தார்வீதியில் விரைவில் தேயும். மரதன் பயிற்சி வீதியில் நடப்பதாகையால் அதற்கு இது உகந்ததன்று, காட்டுவழிக்கு நன்று. வேட்டைக்கு என்று கேட்டிருந்தால், அடி மெல்லியதாயும் ஓசையற்றதாயும் இருக்கவேண்டும் என்பதைக் கானவனிடமே கற்கலாம் என்றிருப்போம். 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தையும் நினைவூட்டியிருப்போம்.

அவன் கேட்டுக்கொண்டு போனான். மறுவாரம் மைதானத்தில் வேறொரு பையன் அதே சப்பாத்தோடு ஓடுவதைக் கண்டோம். எட்டாம் இலக்கக் கால் உள்ளவர்கள் வகுப்பிலே நால்வராம், முறைவைத்து அணிகிறார்கள். தாய்மாமனுக்கு எழுதும்போது ஒன்பதாம் இலக்கத்தில் ஒரு சோடி அனுப்பக் கேட்கலாமோ என்று அவன் எம்மிடம் வினவியபோது, வெறுங்காலோடு வரிசையில் நின்ற பிள்ளைகளை எண்ணத் தொடங்கியிருந்தோம். பதினேழு பேர்.