பற்று: ஒரு சொல்லும் ஓர் ஆசனமும்

பற்று என்னும் சொல் கையால் பிடித்தலைக் குறிக்கும் வினையடியாகத் தமிழில் தொன்றுதொட்டு வழங்குவது. காவோலையில் நெருப்புப் பற்றியது என்னும்போது அது தீயின் தொழிலையும், கரைத்துறைப்பற்று, கோறளைப்பற்று என்னும்போது நிலப்பிரிவையும், கடைக்கணக்கில் பற்றுவரவு என்னும்போது வாங்கிய பொருளின் கடனையும் உணர்த்தும். பௌத்தம் கூறும் பன்னிரு நிதானங்களுள், அதாவது ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் தோன்றும் நிலைகளுள், வேட்கையை அடுத்து வரும் உபாதானத்துக்கு மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் இச்சொல்லையே வைத்தார். பாலிமொழியில் உபாதானம் இறுகப் பிடித்தலையும் தீக்கு இரையாகும் விறகையும் ஒருங்கே குறிக்கும். தமிழிலும் பிடித்தலுக்கும் தீ மூளுதலுக்கும் ஒரே சொல் இருந்தமையால், இதைவிடப் பொருத்தமான ஆக்கம் அமைந்திருக்க முடியாது.

அச்சொல் கதையாக விரியும் இடம் மணிபல்லவம். அறிஞர் பலர் நயினாதீவோடு இணைத்துக் காணும் அத்தீவில் நாகநாட்டு அரசர் இருவர் மணியாசனம் ஒன்றைத் தமதென்று சொல்லிப் போரிட்டதையும், புத்தர் அதில் தாமே அமர்ந்து அறமுரைத்ததையும் கூறுமிடத்தில், அவர்கள் விடமாட்டாது நின்ற நிலையைச் சாத்தனார் பற்று என்றே பெயரிடுகிறார். அவர்தம் நெஞ்சு புகைந்ததும் அங்கேயே சொல்லப்படுவதால் தீயின் பொருளும் உடன் நிற்கிறது. இலங்கையின் பாலி வரலாற்று நூலாகிய மகாவம்சமோ இதனை நாகதீபம் என்னுமிடத்தில் வைத்து, பகைத்தவர் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனுமே என்றும், ஆசனம் மருமகனின் தாய்க்கு அவள் தந்தை கொடுத்தது என்றும் விவரிக்கிறது. மகளுக்குக் கொடுப்பதைச் சீதனம் என்றும் பரம்பரையாக வருவதை முதுசம் என்றும் வகுத்து, 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தை இன்றும் கைக்கொள்ளும், நயினாதீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு இவ்வழக்கு அயலாகத் தோன்றாது.

மணிமேகலையின் இறுதிக் காதை பற்றை அறுக்க நிலையாமை முதலியவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. செற்றத்தை, அதாவது உள்ளே தங்கிய பகையை, அறுக்க மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றைச் சொல்கிறது. மித்திரன், அதாவது நண்பன், என்னும் சொல்வழி வந்த மைத்திரியே பாலியில் மெத்தா எனப்படுவது. ஆகவே, பற்றறுத்தல் என்பதற்கு உற்றாரை ஒதுக்குதல் என்று பொருள் கொள்வது தவறு. பற்றை அறுக்கச் சொல்லும் அதே காதை நட்பை வளர்க்கவும் சொல்கிறது. மகாவம்சத்தின்படி, மாமனும் மருமகனும் இணங்கி ஆசனத்தைப் புத்தருக்கே அளித்தனர். அவர் அதனை வழிபாட்டுக்குரியதாக்கி அவர்களிடமே விட்டுச் சென்றார்.